காஜா பாய் வீட்டுச் சுவரில் ஒரு ஃபோன்

என் கடைக்கும் காஜா மைதீன் பாய் கடைக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர்தான். மலைக்கோட்டைக்குக் கீழே, எதிரில் ஒரு டிவிஎஸ் வண்டி வந்தால் நாம் கடைப்படியில் ஏறி நிற்க வேண்டிய சந்து. என்னுடையது ஃப்ரேம் கடை. பெயர்ப்பலகையில் இன்னும் அப்பா அற்புதசாமி பெயர்தான் இருக்கிறது. நடத்துவது நான், சுஜா. சாமி படம், கல்யாணப் படம், காலமானவர் படம், எது வந்தாலும் கண்ணாடி அறுத்துச் சட்டம் அடித்துக் கொடுப்பேன். பாய் டிவி மெக்கானிக். நான் கண்ணாடி அறுத்தால் அவருக்குப் பல் கூசும். அவர் ஈயம் உருக்கினால் எனக்கு மூக்கு எரியும். இதற்காக நாங்கள் சண்டை போடாத நாள் கிடையாது.

ஒல்லியான மனிதர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு கடை முழுக்க அதையே தேடுவார். நான் பார்த்துக்கொண்டே இருப்பேன், சொல்ல மாட்டேன். கடைசியில் அவரே தடவிப் பார்த்து, "சொல்றதுக்கு என்ன, வாயில கொழுக்கட்டையா?" என்பார்.

தட்டை டிவி வந்த பிறகு அவர் கடையில் கூட்டம் இல்லை, குப்பைதான் சேர்ந்தது. திரை உடைந்த டிவியைக் கொண்டுவந்து போடுவார்கள், சரி பண்ண ஆகும் தொகையைக் கேட்டதும் போனவர்கள் போனவர்கள்தான். பாய் பிரித்துப் பிரித்துப் பார்த்து, பச்சைப் பச்சையாகப் போர்டுகளை என் சுவர் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார். "காயலான் கடையில போட்டுத் தொலைங்க பாய், பாம்பு வந்து குடியிருக்கப் போவுது" என்று நான் கத்துவேன்.

ஒரு நாள் அதில் ஒன்றைத் துடைத்து, பின்னால் ஒரு சின்ன எல்இடி பட்டையை எரியவிட்டு என்னைக் கூப்பிட்டார். வம்பு பேசத்தான் போனேன். வெளிச்சம் பலகைக்குள் புகுந்து பச்சையாக வழிந்தது. அதன் மேல் ஓடிய கோடுகள் ஒவ்வொன்றும் தங்கக் கம்பி மாதிரி தெரிந்தன. இதே பலகைக்குத்தான் நான் பாம்பு சாபம் கொடுத்திருந்தேன்.

அதிலிருந்து அவர் கடை மாறியது. சுவர்க் கடிகாரம், மேஜை விளக்கு, சாவி மாட்டும் பலகை, டீ கிளாஸ் வைக்கும் தட்டு எல்லாம் போர்டில்தான். சட்டம் அடிப்பது நான். ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து ஒரு மாமி வந்து, "எங்காத்துல பெருமாள் படத்துக்குப் பின்னாடி ஜோதியா தெரியறாப்ல ஒண்ணு பண்ணித் தாங்கோ" என்று கேட்டார். அதைப் பார்த்து அக்கம்பக்கத்திலிருந்து இன்னும் பல வீட்டுக்காரர்கள் வந்தார்கள். "ரங்கநாதர் புண்ணியத்துல பாய் பொழைக்கிறாரு" என்று நான் சீண்டினால், "படியளக்கிறது ஒருத்தன்தான், அது எந்த வழியா வந்தா என்ன" என்று சிரிப்பார்.

அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. போர்டில் ஒட்டியிருக்கும் கறுப்புச் சில்லுகள் வெளிச்சத்தை மறைக்கும். அவை போனால்தான் பலகை ஒளிரும். அதனால் எந்தப் போர்டு வந்தாலும் முதல் வேலை, சூட்டுக் காற்று அடிக்கிற துப்பாக்கியை ஈயம் இளகும்வரை பிடித்து, ஸ்க்ரூ டிரைவரால் சில்லுகளை ஒவ்வொன்றாக நெம்பி ஒரு பால் பவுடர் டப்பாவில் தட்டிவிடுவது. பிறகு தின்னரில் முக்கிக் கழுவுவார், பழைய பல் பிரஷ்ஷால் தேய்ப்பார். கை அதுபாட்டுக்குச் செய்யும், வாய் என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும். சுத்தம் பண்ணாத போர்டைச் சுவரில் மாட்டுவது குளிக்காமல் பள்ளிவாசலுக்குப் போகிற மாதிரி என்பார்.

அவர் மகன் இம்தியாஸ் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தான். நல்ல குரல் அவனுக்கு. இங்கே இருந்தபோது அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தால், டிபன் கேரியரைத் திறக்கும் முன்பே ஒரு பாட்டைத் திறந்துவிடுவான். சந்தில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். தங்கச்சி அல்ஃபியா கல்யாணத்துக்கு லீவு சொல்லியிருந்தான். கம்பெனி வேனில் வேலைக்குப் போகும்போது பின்னால் வந்த லாரி மோதியது. அவனும் கூட இருந்த இரண்டு பேரும் அங்கேயே இறந்துபோனார்கள்.

உடல் ஊருக்கு வரவில்லை. காகித வேலைகளுக்கு நாளாகும், மய்யித்தைக் காக்க வைக்கக் கூடாது, அங்கேயே அடக்கம் பண்ணிவிடலாமா என்று ஃபோனில் கேட்டார்கள். பாய் ஃபோனை மனைவி ஜீனத் பக்கம் நீட்டினார். ஜீனத் அக்கா "சரி" என்றார். அந்த ஒரு வார்த்தையை அந்த அம்மா எப்படிச் சொன்னாரோ தெரியாது. அவனோடு அறையில் தங்கியிருந்த அப்ரார் மண்மேட்டைப் படம் எடுத்து அனுப்பினான். ஜீனத் அக்கா அதைப் பார்க்கவில்லை.

பிறகு அவன் பை வந்தது. துணிமணி, ஒரு தொப்பி, ஒரு சென்ட் பாட்டில், நசுங்கிய ஃபோன். "இது மட்டும் ஆன் ஆவுமான்னு பாருங்க" என்று ஜீனத் அக்கா சொல்லி அனுப்ப, பாய் கடைக்கு எடுத்துவந்து பிரித்துப் பார்த்தார். போர்டு ஒரு பக்கம் வளைந்திருந்தது. எங்கே தொட்டாலும் ஷார்ட். மெமரி கார்டு போடும் இடத்தைத் திறந்தார். காலி. "உசுரு இல்ல ஜீனத்" என்று வீட்டில் போய்ச் சொல்லிவிட்டார். அக்காவும் அதற்கு மேல் கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்த ஆறுதல் என் தொழிலில் இருப்பதுதான். "தம்பி போட்டோ ஒண்ணு குடுங்க பாய், தேக்குச் சட்டத்துல போட்டுத் தரேன்" என்றேன்.

"எங்க வீட்ல மாட்ட மாட்டோம்மா. உருவப்படம் இருந்தா மலக்குமாருங்க, அதான் வானவருங்க, வீட்டுக்குள்ள வர மாட்டாங்கம்பா ஜீனத். அவ அதுல ரொம்பக் கண்டிப்பு" என்றார். பிறகு, "போய் நிக்கக் கபுருக்குழியும் இல்ல, பாக்கப் படமும் இல்ல. அவ எதைப் பாத்து அழுவா சொல்லு" என்றார்.

இந்தக் கேள்விதான் அவரை அந்த வேலையில் இறக்கியது. மகன் கையிலேயே கிடந்த பொருள், கன்னத்தில் ஒட்டிக் கிடந்த பொருள். உருவம் இல்லை, அதனால் தடையும் இல்லை. ஃபோனை அக்கக்காகப் பிரித்தார். கேமரா, அரிசி மணி அளவு ஸ்பீக்கர், பட்டன்கள், எறும்புத் தலை அளவு திருகுகள், எல்லாவற்றையும் வெள்ளை அட்டையில் இடம் பார்த்து ஒட்டினார். நடுவில் போர்டு. அதை எப்போதும் போலச் சூடு காட்டி, நெம்பி, கழுவி, தேய்த்து, வளைவை நிமிர்த்தி வைத்திருந்தார். அன்று மட்டும் என்னோடு சண்டை போடவில்லை. அதைவிட நல்ல வேலை அவர் செய்து நான் பார்த்ததில்லை. என் கடையில் இருந்த ஆக நல்ல சட்டத்தை அதற்குப் போட்டேன்.

ஜீனத் அக்கா அதைக் கூடத்தில் வாசலைப் பார்த்து மாட்டச் சொன்னார். வெளியே போகும்போதும் வரும்போதும் அதற்கு ஸலாம் சொல்வாராம். "இப்பதான் சோறு திங்கிறா" என்று பாய் என்னிடம் சொன்னபோது, அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

அல்ஃபியா கல்யாணம் நெருங்கும்போது அப்ரார் லீவில் வந்தான். முதலில் பாய் வீட்டுக்குப் போயிருக்கிறான், அங்கிருந்து நேரே கடைக்கு வந்தான். பாய்க்கு டீ வாங்கி வந்திருந்த நான் அங்கேதான் நின்றேன்.

"மாமா, இம்தியாஸ் ஃபோன்ல பாட்டு இருக்கு. அல்ஃபியா கல்யாணத்துக்குன்னு பாடி ரெக்கார்ட் பண்ணி வச்சிருந்தான். ரூம்ல எங்க எல்லாரையும் வாயை மூடச் சொல்லிட்டுப் பாடுவான். நாலஞ்சு பாட்டு இருக்கும். எனக்கு அனுப்புடான்னு கேட்டேன், கல்யாணத்தன்னிக்கு நானே வந்து ஸ்பீக்கர்ல போடுவேன்னுட்டான்."

"அதுல மெமரி கார்டு இல்லப்பா. நான் பாத்தேனே" என்றார் பாய்.

"கார்டு எதுக்கு மாமா? இப்பல்லாம் போர்டுலயே கறுப்புச் சில்லா மெமரி ஐசி இருக்கும். போர்டு செத்தாலும் அது பொழச்சிருக்கும். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஹாலித்னு ஒருத்தர், அதை எடுத்து வேற போர்டுல வச்சுக் கேக்க வைப்பாராம். ஜீனத் மாமிகிட்ட சொல்லிட்டேன். ரொம்ப சந்தோஷப்பட்டாங்க."

பாய் டீயைக் கீழே வைத்தார். "நீ போயிட்டு வாப்பா, நான் பாத்துக்கிறேன்" என்று அவனை அனுப்பிவிட்டார்.

அவர் பிழைப்பெல்லாம் டிவியோடு. டிவிக்குள் யாருடைய குரலும் தங்குவதில்லை. படமும் பாட்டும் வெளியிலிருந்து வரும், அணைத்தால் போய்விடும். எத்தனை ஆயிரம் டிவியைத் திறந்திருப்பார், எதற்குள்ளும் அந்த வீட்டு ஆள் யாரும் இருந்ததில்லை. ஃபோனும் அப்படித்தான், வைக்க வேண்டியதெல்லாம் கார்டில் இருக்கும் என்று நினைத்துவிட்டார். செல்ஃபோன் கடைப் பையன் எவனையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, அப்ரார் மேல் இன்னும் அதிகமாக வந்தது. தெரியாமலே இருந்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

பாய் பால் பவுடர் டப்பாவை எடுத்து மேஜையில் கவிழ்த்தார். கறுப்புச் சில்லுகள் கைப்பிடி கைப்பிடியாக விழுந்தன. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார். டிவிச் சில்லுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பூரான் மாதிரி இரண்டு பக்கமும் கால்கள் இருக்கும். ஃபோனில் இருப்பதற்குக் கால் கிடையாது, அடியில் புள்ளி புள்ளியாக ஈயம் மட்டும்தான். கடைக்கு வந்த ஆட்களை நான் என் பக்கம் இழுத்துப் பேசி அனுப்பினேன். மத்தியான லுஹர் தொழுகைக்குக்கூட அவர் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் பார்த்தபோது விரல் நக அளவில் ஒரு சில்லும், அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இன்னொன்றும் தனியாக ஒரு வெள்ளைக் காகிதத்தில் இருந்தன.

"இதுதான் சுஜா. வேற ஃபோன் நான் பிரிச்சதே இல்ல" என்றார்.

ஹாலித் கடைக்கு நானும் கூடப் போனேன். தனியாக விட மனமில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டின் ஹாரன் சத்தம் உள்ளேயே கேட்கும் சின்ன மாடிக்கடை. ஹாலித் சின்ன வயசுக்காரர், மரியாதையானவர். இரண்டு சில்லுகளையும் மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெருசு பிராசசர், சின்னது மெமரி. ரெண்டும் ஜோடி பாய், ரெண்டையும் சேத்து மாத்தினாத்தான் பேசும். ஆனா இது வராது. இந்த மெமரி குறுக்கால விரிஞ்சிருக்கு, பாருங்க." மைக்ரோஸ்கோப்போடு இணைந்த திரையில் கறுப்பு வயல் மாதிரி ஒன்று தெரிந்தது, அதன் நடுவே மூலைக்கு மூலை ஒரு கோடு. "ஆக்ஸிடென்ட்ல ஆனதில்ல இது. ஓரத்துல ஸ்க்ரூ டிரைவர் பட்ட தடம் இருக்கு. யாரோ நெம்பி எடுத்திருக்காங்க. விவரம் தெரியாதவன் யாருகிட்டயாவது குடுத்தீங்களா?"

"நான்தான் எடுத்தேன்" என்றார் பாய்.

ஹாலித் தலையைத் தூக்கவில்லை. பிறகு சில்லுகளைக் காகிதத்தில் மடித்து இரண்டு கையாலும் கொடுத்தார்.

கீழே இறங்கியதும் பாயைப் பூக்கடைப் பெஞ்சில் உட்கார வைத்தேன். "லாரிக்காரன் என் புள்ளைய மட்டும்தான் கொன்னான். அவன் கொரலு பொழச்சு வந்துச்சு. வீடு தேடி வந்துச்சு, சுஜா. நான் அதை..." என்று கையைப் பார்த்தார். நான் அழுதேன். அவர் அழவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

பிறகு வந்த நாட்களில் வீட்டில் கேட்கும்போதெல்லாம் "சில்லு தனியாத்தான் இருக்கு, ஹாலித் பாத்துக்கிட்டிருக்கார்" என்று தள்ளிப்போட்டார். கல்யாண வேலைகள் தலைக்கு மேல் இருந்தன. ஆனால் ஜீனத் அக்கா பந்தல்காரரிடம் ஸ்பீக்கர் நல்லதாக வைக்கச் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்ததும் பாய் ஆடிப்போனார். "இன்னிக்குச் சொல்லிடறேன். நீ கூட வாம்மா. தனியா எனக்கு வாய் வராது" என்றார். கடையைச் சாத்திவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

கூடம் முழுக்கப் பத்திரிகைக் கட்டும் துணிப் பையுமாகக் கிடந்தது. அல்ஃபியா எனக்கு நாற்காலியை ஒழித்துக் கொடுத்துவிட்டு டீ போடப் போனாள். ஜீனத் அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். சுவரில் ஃப்ரேம் எரிந்துகொண்டிருந்தது.

"ஜீனத், அந்த ஃபோனு விஷயம்..." என்று பாய் ஆரம்பித்தார்.

"இருங்க, நான் ஒண்ணு சொல்லிக்கிறேன்" என்றார் ஜீனத் அக்கா. "சுஜா, நீயும் கேளு. அப்ரார் சொன்னதுலேர்ந்து நான் நினைச்சுக்கிட்டே இருக்கேன். வேற வீடா இருந்தா, ஒடஞ்ச ஃபோன்னு குப்பைல போட்டிருப்பாங்க. இல்ல எவன் கையிலயாவது குடுத்து நாசம் பண்ணியிருப்பாங்க. இவங்க கையில இருந்ததாலதான் அவன் கொரல் தப்பிச்சுச்சு. இப்படி ஒரு கைய அல்லாஹ் எனக்குக் குடுத்திருக்கான்." சொல்லிவிட்டு, என் எதிரிலேயே பாயின் வலது கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் இருக்கும்போது அவர்கள் தொட்டுப் பேசி நான் பார்த்ததே இல்லை.

பாய் என்னைப் பார்த்தார். சொல்லுங்கள் என்று என்னால் கண் காட்ட முடியவில்லை. நீங்களாக இருந்தாலும் முடிந்திருக்காது.

"ஒரு தடவை ஓடிச்சு ஜீனத். அப்புறம் நின்னுபோச்சு. இனிமே வராதாம்" என்றார்.

அடுப்படியிலிருந்து வந்த அல்ஃபியா டீத் தட்டோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"நீங்க கேட்டீங்கல்ல?" என்றார் ஜீனத் அக்கா.

"கேட்டேன்."

"அப்ப போதும். என்னால அவன் கொரலைக் காதால கேட்டுட்டு, எந்திரிச்சு நின்னு கல்யாணம் பண்ணிவைக்க முடியாது. உங்க காதுல விழுந்துச்சே, அதுவே எனக்குப் போதும்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "என்னங்க பாடினான்?"

பாய் தொண்டையைச் செருமினார். "நீ அவனுக்குப் பாடுவியே, அந்தத் தாலாட்டு. அதைத்தான்."

"அதையா? கல்யாணத்துக்கா?" ஜீனத் அக்கா முகத்தில் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "கிறுக்குப் பய. எப்படிப் பாடினான்? பாடிக் காட்டுங்க."

காஜா பாய் பாடி நான் கேட்டதில்லை. ரேடியோவோடு சேர்ந்து முணுமுணுக்கக்கூட மாட்டார். அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆத்துக் காத்து அடிக்குதுன்னு அம்மா மடி தேடினியோ" என்று பாடினார். கரகரப்பான குரல்தான். ஆனால் ஒரு இடத்தில் இழுத்து, சட்டென்று விட்டு, மறுபடி பிடித்தார். டிபன் கேரியரும் கையுமாகச் சந்தில் வருவானே அவன், அவனுடைய இழுப்பு அது.

"ஆமா. அப்படித்தான் இழுப்பான்" என்றார் ஜீனத் அக்கா, தானும் கண்ணை மூடியபடி. அல்ஃபியா தட்டைக் கீழே வைத்துவிட்டு அம்மா மடியில் விழுந்தாள்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. பிரியாணியில் குறை இல்லை, சம்பந்தி வீட்டார் நல்ல மாதிரி. பெண்கள் பக்கத்தில் ஜீனத் அக்கா வந்தவர்களுக்கெல்லாம் மகன் பாடி வைத்த தாலாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் அழுதார்கள். திரைக்கு அந்தப் பக்கம் பாய் பந்தியை மேற்பார்த்துக்கொண்டிருந்தார், காதில் விழுந்திருக்கும்.

அல்ஃபியா புத்தூருக்குக் குடிபோய்விட்டாள். வீட்டில் இப்போது இரண்டு பேர்தான். மறுவீட்டு விருந்தெல்லாம் முடிந்து வீடு அடங்கிய பிறகு, சோறு போடும்போது ஜீனத் அக்கா கேட்டாராம்: "நாலஞ்சு பாட்டுன்னு அப்ரார் சொன்னானே, மத்தது என்னங்க?"

"யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்" என்று பாய் என்னிடம் சொன்னார். அவரைத் திட்டத்தான் வாயெடுத்தேன், வரவில்லை.

ஸ்ரீரங்கத்து மாமியின் தங்கைக்குச் செய்ய வேண்டிய விளக்கு அப்படியே கிடக்கிறது. போர்டில் அவர் கை வைப்பதில்லை. மத்தியான வேளையில் சந்தில் ஆள் நடமாட்டம் குறைந்ததும் அந்தப் பக்கம் மெல்லப் பாட்டுச் சத்தம் கேட்கும். ஒரு வரி பாடுவார், நிறுத்துவார், இழுப்பு சரியில்லை என்று மறுபடி அதே வரிக்கு வருவார். மகன் என்ன பாடியிருப்பானோ அதைப் பாடிப் பழகுகிறார், வீட்டுக்குக் கொண்டுபோக. நான் கண்ணாடி அறுப்பதை நிறுத்திவிட்டு, அவர் முடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருப்பேன்.